மார்கரெட்டுக்கும் சேர்த்து

மரகதம் முதன்முதலாகக் கையில் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, நாலு பேர் முன்னால் டோஸ்ட் என்னும் வாழ்த்தைச் சொன்னது ஹெண்டர்சனில், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கிறிஸ்துமஸ் விருந்தில். படு கேவலமாகப் போனது.

விருதுநகரில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் அவள். கணவர் விநாயகமூர்த்திக்கு நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஆல்பனிப் பகுதியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததால் அங்கே வந்து, அதே நகரின் ரானுயியில் குடியேறி, வந்த இடத்திலும் ஊசியையே பிடித்தாள். அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கடைசி விருந்தில் யாராவது எழுந்து, இன்னொருவரைக் கொஞ்சம் வாரிவிட்டு, பிறகு மனசார வாழ்த்தி கிளாஸை உயர்த்துவார்கள். வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நூலா. அயர்லாந்தில் கார்க் பக்கத்துக்காரி. மரகதத்தின் வயதுதான், பக்கத்து அறையில் ரத்தம் எடுப்பவள். அவள் எழுந்து நின்றாலே ஆட்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

நமக்கு மட்டும் வராதா என்ன என்று மரகதம் நினைத்தாள். ஓய்வு பெறும் டிரைவருக்காக நெட்டில் தேடி ஓர் ஐரிஷ் டோஸ்ட்டைப் பிடித்து, போனைப் பார்த்துப் படித்தாள். முடிப்பதற்கு முன்பே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முடித்தபிறகு வேறு யாரும் சிரிக்கவில்லை. "அதாவது, இதுக்கு என்ன அர்த்தம்னா..." என்று விளக்க ஆரம்பித்தாள். யாரோ இருமினார்கள். மேனேஜர் ஜூடித் அவள் முதுகில் தட்டி, "ஸ்வீட், மார்கரெட்" என்றாள். ஜூடித்துக்கு அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே மார்கரெட்தான்.

அடுத்த வருஷம் விருந்து நெருங்கியபோது ஜூடித் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்தத் தடவை நீ சிரமப்பட வேண்டாம். ஜோக்கெல்லாம் அவங்கவங்க சொந்த பாஷையிலதான் சரியா வரும், இல்லையா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் மரகதத்துக்கு இன்னும் எரிந்தது. நேராக டீ ரூமுக்குப் போனாள். நூலா பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போன வருஷம் எங்க கெடுத்தேன்? மறைக்காம சொல்லு."

"எங்க கெடுக்கலைன்னு கேளு, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றாள் நூலா.

அன்றைக்கு ஆரம்பித்தது. மதிய இடைவேளைகளில் டீக்கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மரகதம் பேசுவாள்; நூலா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்பாள். போனைத் தூக்கிப் போடு என்றாள். காகிதத்தைப் பார்த்துப் படித்தால் அது அறிக்கை, டோஸ்ட் இல்லை. மனப்பாடமாகச் சொல்லாதே, யாரைப் பற்றிச் சொல்கிறாயோ அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல். வேறொருவனுக்காகச் செய்த வார்த்தை உன் டிரைவருக்கு எப்படிப் பொருந்தும்? அவன் செருப்பை, அவன் வண்டியை, அவன் புலம்பலைச் சொல். முக்கியமாக, நீ சிரிக்காதே.

"ஏன்? எனக்குச் சிரிப்பு வருதே."

"சிரிப்பு அவங்களோடது. நீ எடுத்துக்கிட்டா அவங்களுக்கு என்ன மிஞ்சும்?"

கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தத் தெரிய வேண்டும் என்பதுதான் மரகதத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. நிறுத்தினால் பயம் வந்தது. நிசப்தத்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. "பாக்கட்டும், அதுக்குத்தான் எந்திரிச்சே" என்றாள் நூலா. நோயாளியின் கையைப் பிடித்து நரம்பு தட்டுப்படும்வரை விரலால் தடவிக்கொண்டு காத்திருக்கிறாயே, அதேபோலக் காத்திரு. அவசரப்பட்டுக் குத்தினால் அங்கேயும் தப்பும், இங்கேயும் தப்பும்.

"என் உச்சரிப்பை மாத்தணுமா?"

நூலா டீயை வைத்துவிட்டாள். "நான் பேசுறதே இங்க பாதிப்பேருக்குப் புரியல. நான் மாத்தினேனா? மெதுவா பேசு. அவ்வளவுதான்." பிறகு, "உன் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். பச்சைக்கல் என்று மரகதம் சொன்னதும் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். எங்கள் நாட்டையே அந்தக் கல்லின் பெயரால்தான் சொல்வார்கள், நீ பிறந்தபோதே ஐரிஷ்காரி என்றாள்.

அந்த டிசம்பர் விருந்தில் யாரும் கூப்பிடாமலே மரகதம் எழுந்தாள். கையில் லெமனேடு. போன் கைப்பைக்குள். ஜூடித்தின் முகத்தைப் பார்த்தாள்.

"வந்த நாள்லேருந்து என்னை மார்கரெட்னு கூப்பிடுற எங்க மேனேஜருக்கு நீண்ட ஆயுசும் நல்ல உடம்பும் குறையாத சந்தோஷமும் கிடைக்கட்டும்." கிளாஸை உயர்த்தினாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். "அந்த மார்கரெட்டுக்கும் கிடைக்கட்டும். பாவம், எங்க இருக்காளோ."

மேஜை அதிர்ந்தது. முதலில் சிவந்துபோன ஜூடித், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். திங்கட்கிழமை காலையில் "மரகதம்" என்று கூப்பிட்டாள். மூன்று இடத்தில் முட்டி மோதித்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

அதற்குப் பிறகு எந்த விருந்தானாலும் ஒரு வாழ்த்து நூலாவுடையது, ஒன்று மரகதத்துடையது. இப்படியே வருஷங்கள் ஓடின. நூலாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே முற்றிப் போயிருந்தது.

ஒரு மத்தியானம் மரகதம் ரசத்தை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பார்க்கப் போனாள். நூலா பாதியாக இருந்தாள். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"என் பையன் டெர்மட் ஒரு ஜெபம், ஒரு பாட்டு, கொஞ்சம் போட்டோன்னு போட்டுக் காட்டி எல்லாரையும் அழ வைப்பான். நீ எந்திரிச்சு அதைக் கெடுக்கணும்."

"சாவு வீட்டுலயா?"

"எங்க ஊர்ல அங்கதான் நல்லா சிரிப்பாங்க. செத்துப்போனவ கூட்டத்துல இருந்தா எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசு. நான் பாவம்னு மட்டும் பேசிராத, எந்திரிச்சு வந்துருவேன்."

மரகதம் சரி என்றாள். அடுத்த மாதம் நூலா போய்விட்டாள்.

வீட்டில் சொன்னபோது விநாயகமூர்த்தி சாப்பிட்ட கையோடு நிமிர்ந்தார். "துக்க வீட்டுல போய் ஜோக் சொல்லப் போறியா? நம்ம ஆளுங்க காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?"

"நம்ம ஆளுங்களா செத்துப்போனாங்க? செத்தவ கேட்டா. நான் வாக்குக் குடுத்துட்டேங்க."

"ஜஸ்ட் டூ இட், அம்மா" என்றாள் மகள் மஹதி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

டெர்மட்டிடம் கேட்காமல் பேசுவது முறையில்லை என்று மரகதத்துக்குப் பட்டது. போன் செய்தாள். அவன் மரியாதையாகவே மறுத்தான். "அம்மாவை எல்லாரும் சிரிக்க வைக்கிற ஆளாத்தான் பார்த்தாங்க. ஒருநாளாவது அவங்களை மரியாதையா அனுப்பி வைக்கணும். தயவுசெஞ்சு வேண்டாம்."

மகனின் துக்கம் நியாயமானது. அன்று முழுக்க ஊசி குத்தும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மரியாதை என்று அவன் எதைச் சொல்கிறான்? நூலாவை நூலாவாக இல்லாமல் ஆக்கி அனுப்புவதையா? சாயங்காலம் கையுறையைக் கழற்றும்போது முடிவு செய்துவிட்டாள்.

மாதா கோயிலில் பூசை முடிந்து, ஒரு ரக்பி கிளப்பின் ஹாலில் கூடினார்கள். டெர்மட் பேசினான், அழகாகத்தான் பேசினான். போட்டோக்கள் ஓடின. எல்லோரும் அழுதார்கள். அவன் நன்றி சொல்லி மைக்கை வைத்தான். சாண்ட்விச் தட்டுகளை மூடியிருந்த தாளை எடுக்க ஆரம்பித்தார்கள். மரகதம் எழுந்தாள். டெர்மட் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் மைக்கை எடுக்கவில்லை. தன் குரலே போதும் என்று நின்றாள், சத்தம் அடங்கும்வரை.

"நூலா எங்கிட்ட ஒரு வேலை குடுத்துட்டுப் போனா. நீங்க அழுதா, எந்திரிச்சு அதைக் கெடுக்கணும்."

யாரும் அசையவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர்க்காரங்க கையைப் பிடிச்சு 'வலிக்காது'ன்னு சொன்னா. இங்க இருக்கிற பாதிப்பேரை அவ குத்தியிருக்கா. அவ சொன்னது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்."

பின் வரிசையில் ஒரு ஆணின் மூக்கிலிருந்து சத்தம் வந்தது.

"ஆஸ்பத்திரியில ஒரு புதுப் பையன் அவளுக்கு ரத்தம் எடுக்க வந்தான். குத்துறான், குத்துறான், நரம்பு கிடைக்கல. பயந்துட்டான். நூலா கையை நீட்டினா. 'ஊசிய இங்க குடு கண்ணு, நானே எடுத்துத் தரேன்'னா."

இப்போது சிரிப்பு அங்கங்கே பற்றியது. பாதி பேர் டெர்மட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். மரகதம் சிரிக்கவில்லை. கிளாஸை உயர்த்தினாள்.

"சொர்க்கத்து வாசல்ல நிக்கிறவர் நூலாவை உள்ள விடட்டும். மாட்டேன்னாருன்னா..."

நிறுத்தினாள். நரம்பு தட்டுப்படக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். ஹால் முழுக்க மூச்சைப் பிடித்திருந்தது.

"சட்டைக் கையை மடிச்சு விடட்டும். வலிக்காது."

கூரை கிழிந்தது. கிளாஸ்கள் எழுந்தன, "நூலா!" என்று கத்தினார்கள், பாதிரியார்கூடக் குனிந்து தோள் குலுங்கினார். டெர்மட் மட்டும் கதவைத் திறந்து வெளியே போனான்.

அவள் பின்னாலேயே போனாள். மைதானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. உங்க அம்மா வேணும்னாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் பேச்சைத்தான் நான் கேட்க முடியும்." மன்னிப்பு அவள் வாயில் வரவில்லை, அவள் தேடவும் இல்லை.

அவன் மைதானத்தை விட்டு அவள் பக்கம் திரும்பினான். பிறகு, "ஊசியை நிஜமாவே கேட்டாங்களா?" என்றான்.

"கேட்டது மட்டுமா? வாங்கிட்டா. நர்ஸ் ஓடி வந்து பிடுங்க வேண்டியதாப் போச்சு."

அவன் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சுவரில் சாய்ந்து இரண்டையும் செய்தான். அவள் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே திரும்பி வந்தபோது அவன் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. ஒரு தட்டு எடுத்து அவள் கையில் கொடுத்து, எதில் இறைச்சி இல்லை என்று காட்டினான்.

விநாயகமூர்த்தி பயந்தது பலித்தது. விஷயம் தமிழ்ச் சங்கம்வரை போய்ச் சேர்ந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். செயலாளர் வரதராஜன் மட்டும் போன் செய்தார்.

"மேடம், தீபாவளி விழாவுல வரவேற்புரை நீங்க சொல்லணும். ஆனா ஜோக்கெல்லாம் வேண்டாம். பெரியவங்க வருவாங்க."

"அப்ப வேற ஆளைப் பாருங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டார். "சரி மேடம். ஒண்ணே ஒண்ணு."

"மூணு" என்றாள் மரகதம். "ஒண்ணு உங்களைப் பத்தி."