ஆங்கில ராஜாவுக்கு ஓர் ஒப்பாரி

அன்று கல்லூரி மண்டபத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள்: எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவியான துரைசாணி, அவரோடு வந்த பக்கத்துத் தோட்டங்களின் துரைசாணிமார், தலைமையாசிரியர், அட்டன் கடைவீதி முதலாளிமார் நாலைந்து பேர். பின்னால், சுவரோரத்துப் பெஞ்சுகளில், என் அம்மாவும் அப்பாவும், அக்கரப்பத்தனையிலிருந்து லொறி பிடித்து வந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்களும். வராதவர் ஒருவர்தான். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆங்கில நாடகத்தில் எப்போது கை தட்டுவது, எப்போது சும்மா இருப்பது என்று எங்கள் சனங்களுக்குப் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்க அவர்தான் வருவதாக இருந்தது. லொறி புறப்படுகிற நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறைவாக ஓடியவர் திரும்பி வரவேயில்லை. லொறிக்காரன் காத்திருக்க மறுத்துவிட்டான். அவருடைய வயிறு கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் இதை நான் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஐந்தாம் வகுப்பு முடிந்த வருடம், தோட்டத்துப் பையன் ஒருவனைப் படிக்க வைக்க வேண்டும் என்று துரைசாணிக்குத் தோன்றியது. எங்களை ஆபிஸ் வாசலில் வரிசையாக நிறுத்தி, நாய்க்குட்டி பொறுக்குவதுபோல ஒவ்வொருவராகப் பார்த்து, என்னைக் காட்டினார். அன்றைக்கு மூக்கு ஒழுகாமல் நின்றவன் நான் ஒருவன்தான். என் அறிவுக்கு அதைவிடப் பெரிய சான்று எதுவும் அப்போது இருக்கவில்லை.

அப்படித்தான் அட்டன் கல்லூரிக்கும் அதன் விடுதிக்கும் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் ஆங்கிலம் எனக்கு வெறும் சத்தம். இரண்டாம் வருடம் பாடப்புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிப்பேன், பொருள் தெரியாது. மூன்றாம் வருடம் பொருளும் தெரிந்தது. தெரிந்தபோது பெரிய ஏமாற்றம். புத்தகத்தில் இருந்த பையன்கள் எல்லோரும் வெயில் வந்துவிட்டதே என்று குதித்தார்கள். பனியில் பொம்மை செய்தார்கள். எந்நேரமும் எதையாவது தின்றார்கள். ஒருத்தனுக்கும் ஒரு வேலையும் இல்லை.

ஆங்கில மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டுப் போடாமல் வகுப்புக்கு வந்ததே இல்லை. மொழி மட்டும் போதாது, அவர்களுடைய நடைமுறையும் வேண்டும் என்பது அவர் கட்சி. கரும்பலகையில் பெரிய சாப்பாட்டுத் தட்டொன்றை வரைந்து, கத்தியை எந்தக் கையில் பிடிப்பது, முள்ளை எந்தக் கையில் பிடிப்பது என்று காட்டுவார். விடுதியில் கத்தியும் இல்லை, முள்ளும் இல்லை. கோடு போடும் அடிமட்டத்தையும் பென்சிலையும் வைத்து ரொட்டி தின்று பழகினோம். ரொட்டியில் பென்சில் கரி ஒட்டியதே தவிர வேறு முன்னேற்றம் இல்லை.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கு மாஸ்டர் தானே ஒரு நாடகம் எழுதினார். பழைய காலத்து ஆங்கில ராஜா ஒருவர் போரில் காயம்பட்டுக் கூடாரத்தில் கிடந்து சாகிறார். சாவதற்கு முன் இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறார். அத்தனையையும் மனப்பாடம் செய்யக்கூடியவன் நான்தான் என்று ராஜா வேடத்தை எனக்குக் கொடுத்தார். ஒத்திகையில் நான் கூத்தில் பார்த்தபடி உறுமிக்கொண்டு விழுந்தேன். மாஸ்டர் பிரம்பால் மேசையைத் தட்டினார்.

"டேய், ராசா சாகேக்க கத்தப்படாது. மெதுவாச் சா."

"அழுறவங்க யாரு சேர்?"

"ஒருத்தரும் அழமாட்டினம். இங்கிலீசுக்காரன் செத்தால் பக்கத்தில நிக்கிறவன் தொப்பியைக் கழட்டுவான். அவ்வளவுதான்."

இதெல்லாம் விளையாட்டாக இருந்திருக்கும், துரைசாணியின் கடிதம் வராமல் இருந்திருந்தால். விழாவில் என் ஆங்கிலத்தைத் தன் காதால் கேட்டுவிட்டு, மேற்கொண்டு எனக்குப் பணம் கட்டுவதா நிறுத்துவதா என்று முடிவு சொல்வதாகத் தலைமையாசிரியருக்கு எழுதியிருந்தார். நிறுத்தினால் நான் தோட்டத்தில் பேர் பதிந்து, விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நிற்க வேண்டியதுதான். விடுமுறைக்கு லயத்துக்குப் போனபோது கங்காணி வழிமறித்தார்.

"என்னாடா சின்னத்தொர, கத்தி புடிக்கக் கை வருமா? இல்ல, அதுக்கும் மொதல்ல இங்கிலீசுல ஏதாச்சும் சொல்லணுமா?"

அந்த விடுமுறை முழுக்க நான் செத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் விழுவதற்கு இருந்த இடம் அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில்தான்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல சாவாதடா மூதேவி," என்றாள் அம்மா. "வெளிய போயி செத்துட்டு வா."

பக்கத்துக் காம்பரா அத்தை எட்டிப் பார்த்தாள். "அக்கா, ராசா எத்தன மணிக்குச் சாவுறாரு? அரைப்பேரு போட்டுட்டு வந்தா புடிச்சிரலாமா?" அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என் சாவைப் பார்க்க வரப்போகிறாள் என்று கேட்டதில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "ராசாவுக்குப் பொண்டாட்டி இல்லையா?"

"நாடகத்துல இல்லம்மா."

"ஆத்தா? அக்கா தங்கச்சி?"

"மந்திரி மட்டுந்தான்."

"அப்ப அழுவுறது யாருடா?"

"யாரும் அழ மாட்டாங்க. தொப்பியக் கழட்டுவாங்க."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். காமனாக ஆடுகிறவர் எரிந்து விழுந்ததும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். கூத்துப் பார்க்க வந்தவர்களின் வேலை அது. விழுந்தவர் விரலைக்கூட அசைக்கக் கூடாது. கற்பூரம் காட்டி, வாயில் பால் விட்டு, "எந்திரி" என்று சொன்ன பிறகுதான் எழும்பலாம். அதற்கு முன் எழும்பினால் அவர் வீட்டில் நிஜமாகவே ஒரு சாவு விழும் என்பார்கள்.

விழா அன்று நான் நன்றாகவே செத்தேன். இரண்டு பக்கத்தையும் ஒரு பிழையில்லாமல் சொன்னேன். துரைசாணி தலையை ஆட்டிக்கொண்டிருந்ததைக் கிரீடத்தின் கீழிருந்து பார்த்தேன். உறுமாமல் சாய்ந்தேன். மந்திரி தொப்பியைக் கழற்றினான்.

"என்னப் பெத்த ராசாவே…"

அம்மாவின் குரல். சுவரோரத்துப் பெஞ்சுகள் மொத்தமாகக் கிளம்பின. சாகிறார் என்று தெரிந்துதானே வந்திருந்தார்கள், தயாராகவே வந்திருந்தார்கள். பையிலிருந்து கற்பூரம் வந்தது, போத்தலில் பால் வந்தது. மேடையில் ஏறி என்னைச் சுற்றி உட்கார்ந்து, தலையை விரித்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மந்திரி மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

துரைசாணி எழுந்து நின்றார். அவர் நின்றதும் முன்வரிசை முழுவதும் நின்றது. எல்லோரும் நிற்பதைப் பார்த்த தலைமையாசிரியர், விழா முடிந்துவிட்டது போலும் என்று குழம்பி, பியானோக்காரருக்குக் கையைக் காட்டினார். விழா முடிவில் வாசிக்கிற மெட்டு ஒரு பக்கம், அத்தையின் ஒப்பாரி ஒரு பக்கம். அத்தைக்குத்தான் குரல் அதிகம்.

மேடை ஓரத்திலிருந்து மாஸ்டர் பல்லைக் கடித்தார். "எழும்படா! நாடகம் முடிஞ்சுது. எழும்பி வணக்கம் சொல்லு!"

எழும்பினால் என் படிப்பு தப்பலாம். ஆனால் அம்மாவின் கை என் நெற்றியில் இருந்தது. பால் விடுவதற்கு முன் எழும்பினால் வீட்டில் யார் சாவார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டே இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருட ஆங்கிலத்தை அந்தக் கைக்கு எப்படி விளக்குவது? செத்தே கிடந்தேன்.

திரை இழுக்கிற பையனுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. இழுத்தான். திரை ஓடி வந்து, எரிகிற கற்பூரத் தட்டின் மேல் விழுந்தது. புகை என் மூக்கில் ஏறியது. "நெருப்பு! எழும்பு, விசரா!" என்று மாஸ்டர் அலறினார். நான் அசையவில்லை. அம்மா அவசர அவசரமாக அரைப் போத்தல் பாலை என் வாயிலும் மூக்கிலும் ஊற்றி, "எந்திரிடா!" என்றாள். அதன் பிறகுதான் ஓடினேன். மாஸ்டர் கோட்டைக் கழற்றித் திரையை அடித்து அணைத்தார். அவரைக் கோட்டில்லாமல் நாங்கள் பார்த்தது அன்றுதான்.

துரைசாணி மேடைக்கே வந்துவிட்டார். என் மூக்கிலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. ஏன் அழுதாள் என்று உன் தாயிடம் கேள் என்றார் ஆங்கிலத்தில்.

"என்னாடா கேக்குது தொரசாணி?"

"ஏன் அழுதீங்கன்னு கேக்குறாங்கம்மா."

"பின்ன, ராசா சாவுறாரு, சிரிக்கவா சொல்லுது? அவங்க வீட்டுல செத்தாலும் இப்பிடித்தான் பொம்மையாட்டம் நிப்பாங்களான்னு கேளு."

நாடகத்தை என் தாயார் மிகவும் ரசித்ததாகச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மனப்பாடம் செய்யாமல் நான் பேசிய முதல் ஆங்கில வாக்கியம் அது. பொய்தான். ஆனால் பிழையில்லாத பொய்.

துரைசாணி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். நெருப்பு பக்கத்தில் வந்தும் பாத்திரத்தை விட்டு இறங்காமல் கிடந்தானே, இந்தக் கட்டுப்பாட்டைத்தான் எங்கள் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கிறோம் என்றார். கடைசிப் பரீட்சை வரைக்கும் பணம் கட்டுவதாகவும் சொன்னார். தலைமையாசிரியர் அந்தப் பாராட்டைக் குனிந்து வாங்கிக்கொண்டார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

துரைசாணியின் கார் போனதும் தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டார். திரை புதியது, கடைவீதி முதலாளி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அதற்கு உண்டான பணம் விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முன் வராவிட்டால் துரைசாணி கட்டினாலும் என்னைச் சேர்க்க முடியாது என்றார். அப்பா தொகையைக் கேட்டுவிட்டு லொறிக்கு வந்தார்.

"கற்பூரம் கொளுத்துனது நாங்க," என்றாள் அத்தை. "அழுத ஆளுக எல்லாஞ் சேந்து கட்டிர்றோம். நீங்க மூஞ்சியத் தொங்கப் போடாதீங்கண்ணே."

அம்மா விரித்த தலையை முடிந்துகொண்டே, "அழுதது வீண் போவல, படிக்கிறானுல்ல," என்றாள்.

லொறி தலவாக்கலை தாண்டியது. அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ நெசமாவே செத்திருந்தாக்கூட, பொட்டி, தப்பு மேளம், கோப்பித்தண்ணி எல்லாஞ் சேத்து இதுல பாதிதான்டா ஆயிருக்கும்."

அழுதவர்கள் எல்லோரும் இரண்டு சம்பளத்தில் பிரித்துக் கட்டினார்கள். எண்பத்தேழு ரூபா ஐம்பது சதம்.