மீன் தொட்டியின் முதுகில் ஒட்டிய ஈயத்தாள்

எழுபதுகளின் கடைசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போனபோது, பங்களாவில் பூஞ்செடி பார்த்துக்கொண்டிருந்த என் கொழுந்தனிடம் தன் கண்ணாடி மீன் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதைத் தூக்கிவந்து எங்கள் வீட்டுப் பின்ஜன்னல் ஓரம் வைத்தான். பிரிஞ்சாங் டவுனில் தங்கமீன் வாங்கி விட்டான்.

"அண்ணி, பங்களாவுல இருந்தா ரொட்டி. இங்க வந்தா நம்ம பழைய சோறுதான்லா" என்று மீன்களைப் பார்த்துச் சிரிப்பான்.

அடுத்த மழைக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. விறகுக்குப் போயிருந்த கொழுந்தன் மண்ணுக்குள் போய்விட்டான். மறுநாள்தான் எடுத்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு, என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் இருந்து வந்ததும் தொட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தார். மீனைத்தான் பார்க்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் தேத்தண்ணியை நீட்டும்போது சொன்னார்:

"தம்பி நிக்கிறான் புள்ள."

"எங்கங்க?"

"தண்ணிக்குள்ளதான். தலையில இன்னும் மண்ணு இருக்கு பாரு."

குனிந்து பார்த்தேன். தண்ணீருக்கு அப்பால் ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் அந்தச் சரிவு. தண்ணீர் வழியாகப் பார்த்தால் எல்லாமே பெரிதாக, கைக்கெட்டுகிற மாதிரி இருக்கும். பனி நகரும்போது செம்மண்ணும் கூடவே அசைந்தது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

இப்படியே விட்டால் மனிதர் கைவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். ஜன்னலைச் சாத்தினால் திறந்துவிடுகிறார். அதனால் தொட்டியின் முதுகையே அடைத்துவிட நினைத்தேன். டவுனில் கடல் படம் போட்ட தாள் விற்கிறார்களாம். என் கை இருக்கும்போது அதற்கு எதற்குக் காசு? தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள், உடைந்த பெட்டியில் கிழிந்து கிடந்ததை எடுத்துவந்தேன். நன்றாகக் கசக்கி, பாதி விரித்தேன். பாறை மாதிரி மேடும் பள்ளமுமாக வந்தது. காட்டுப் பெரணி இலைகளை அதன்மேல் பரப்பி, துணிக்குப் போடும் நீலத்தை மாவுப் பசையில் குழைத்துத் துணிப்பந்தால் ஒற்றினேன். இலையை எடுத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளியாக நின்றது. காய்ந்த பிறகு கண்ணாடிக்கு வெளியே, ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா வாயில் கைவைத்தார். "அடியே, மீனுக்கு இம்புட்டு சோடனையா? நம்ம லயத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவே ஆபீஸ் கிராணி மூக்கால அழுவுறாரு!"

நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. அதற்குமுன் மீன்கள் அத்தனை சிவப்பாகத் தெரிந்ததில்லை.

அவர் வந்தார், பார்த்தார். "நல்லாருக்கு புள்ள" என்றார். உட்காரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை. பின்பக்கம் ஓடினேன். தூறல். அந்தச் சரிவில், இன்னும் கல் உருண்டுகொண்டிருந்த இடத்தில், கம்பளிச் சட்டைகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க இது? மண்ணு இன்னும் நிக்கலங்க, இறங்கி வாங்க!"

கோபமில்லாமல்தான் பதில் சொன்னார். "அங்க அடைச்சிட்டியே. அவன் எப்படி வருவான்? அதான் நான் வந்துட்டேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் மழை வலுத்தது. மேட்டில் மண் பொலபொலவென்று உதிரும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வெந்நீரில் துணியை நனைத்துத் தாளின் ஓரங்களை ஊறவைத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, என் வேலை அப்படி. கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

செருப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சோற்றுத் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்து, நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளு புள்ள. மறைக்கிற" என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். மீனைத் தாண்டி நான் பார்க்கவில்லை.