சித்தப்பா பிடுங்கிய ரெசிஸ்டர்

இதை எழுதவே வேண்டாமென்றுதான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதி, அதை யார் படிக்கப்போகிறார்கள்? ஆனால் சித்தப்பா ஊர் முழுக்க, "அவன் செஞ்ச லைட்டு அஞ்சு நிமிஷம்கூட நிக்கல" என்று சொல்லித் திரிகிறார். அதனால் எழுதுகிறேன்.

கொள்முதல் நிலையத்து வாசலில் எங்கள் நெல்லும் அவர் நெல்லும் பக்கத்துப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. இரண்டுக்கும் ஒரே தார்ப்பாய். எடைபோட முறை வரவில்லை, வானமோ கறுத்துக்கொண்டிருந்தது. நனைந்த நெல்லை ஈரப்பதம் என்று திருப்பிவிடுவார்கள். அங்கே தெருவிளக்கும் எரியாது. அதனால் மூன்று எல்.இ.டி.யைக் கோத்து, சித்தப்பாவின் மருந்தடிக்கும் மெஷின் பேட்டரியில் எரிகிற மாதிரி ஒரு டார்ச் செய்தேன். நடுவில் ஒரு ரெசிஸ்டர். திருவிடைமருதூரில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் என் கூட்டாளி கொடுத்தது.

சித்தப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். "என்னடா இது, சுடுது? என் பேட்டரிய இதுதான் திங்குது."

"அது மதகு மாதிரி சித்தப்பா, கரண்ட அளவாத்தான் விடும். எல்.இ.டி.க்குப் போதும்னு சொல்லத் தெரியாது. குடுக்கக் குடுக்கக் குடிச்சுட்டு வெடிச்சுரும்."

"ஒம்பதாங்கிளாஸ் தாண்டல, எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"மதக முழுசாத் தூக்கிவுட்டு எங்க நாத்த முழுகடிச்ச ஆளுதானே நீங்க? உங்களுக்கு எப்புடிப் புரியும்!"

முறைத்தார். நான் டீ வாங்கப் போனேன். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தால், இடமே கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிட்டிருந்தார்.

"பாத்தியா? இதாண்டா லைட்டு!"

டீயைக் கீழே வைப்பதற்குள் கருகல் நாற்றம் வந்தது. அவ்வளவுதான், இருட்டு. கூடவே மழை.

வெளிச்சம் இருந்திருந்தால் இரண்டு குவியலையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். நான் ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் இழுத்தார்.

"இழுக்காதீங்க சித்தப்பா, கிழிஞ்சுரும்!"

"கைய எடுடா மொதல்ல!"

நான் போனைத் தடவி எடுத்து வெளிச்சம் அடித்தபோது, தார்ப்பாய் முழுக்க அவர் நெல்மேல் இருந்தது. அதன் ஓரத்தில் அவரே உட்கார்ந்திருந்தார், கல்லு வைத்த மாதிரி.

மறுநாள் அவர் நெல்லை எடைபோட்டார்கள். எங்களுடையதைக் காயவைத்து எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள்.

ரோட்டில் நெல்லைக் கிண்டிவிட்டபடியே, கருகிய எல்.இ.டி.யைப் படமெடுத்து, நடந்ததையெல்லாம் திட்டித் திட்டிக் கூட்டாளிக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"அடுத்த தடவ ரெசிஸ்டர டார்ச்சுல வைக்காத மாப்ள, உங்க சித்தப்பா வாயில வை."