முன்னோடிகளும் இடம்பெயர்ந்தோரும்

வெளிநாட்டில், மாசி என்னும் நகரிலுள்ள மகன் வீட்டில், அமெரிக்காவின் மேற்கு நோக்கி மாட்டுவண்டிகளில் சென்றவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஓடியது. ஆறுகளைக் கடந்தார்கள், வாந்திபேதியில் இறந்தவர்களை வழியிலேயே புதைத்துவிட்டுப் போனார்கள்.

"என்ன துணிவு பாருங்கோ அப்பா! முன்னோடிகள் எண்டால் இவைதான்," என்றான் மகன்.

போரில் ஊரைவிட்டு நடந்த வழியில்தான் அவன் தாய் காய்ச்சலில் இறந்தாள். எரிக்க விறகு கிடைக்காமல் புதைத்தோம். பிறகு அவனைத் தோளில் சுமந்து நடந்தேன். எங்களுக்கு உலகம் வைத்த பெயர் இடம்பெயர்ந்தோர்.

"கொம்மாவையும் வழியிலைதான் விட்டனாங்கள். அப்ப நாங்கள் ஆர்?"

"அது வேறை, அப்பா."

"ஓம், வேறைதான். அவை போய்ப் பிடிச்சது மற்றவையின்ரை காணி. நாங்கள் விட்டிட்டு வந்தது எங்கடை காணி."

தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னேன். அவன் ஒலியை மட்டும் குறைத்தான்.