கேட் பாஸ் இல்லாத மண்

ராயக்கோட்டை சாலையில் காலையிலிருந்து நானும் பெரியப்பாவும் ஊர் ஊராக விசாரிக்கிறோம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வருகிறது. எங்கள் வீட்டுத் தெலுங்கில் கேட்டால் கன்னடத்தில் வருகிறது. மதுரைக்குப் பிழைக்கப் போன முன்னோர்கள் விட்டுவிட்டுப் போன குலதெய்வம் கடைசியில் கிடைத்தேவிட்டது, ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள். கேட் கம்பி வழியே தெரிகிறது: புங்கமரத்தடியில் மஞ்சள் பூசிய கல், சுற்றிலும் லாரிகள், சேறு.

பெரியப்பாவுக்கு வேண்டியது அங்கிருந்து ஒரு பிடி மண். அதை வைத்துத்தான் மதுரையில் கோயில் எழுப்ப வேண்டும்.

"ஐடி கார்டு இல்லாம உள்ள விடமுடியாதுங்க," என்கிறார் செக்யூரிட்டி.

"அப்ப நீங்களே ஒரு பிடி அள்ளிக் குடுங்க தம்பி."

"உள்ளருந்து எது வெளிய போனாலும் கேட் பாஸ் வேணுங்க. மண்ணுக்கு யாருங்க பாஸ் போடுவாங்க?"

"அது எங்க சாமிப்பா."

"இப்ப கம்பெனி சாமிங்க. ஆயுதபூஜைக்கு நாங்க கெடாவே வெட்டறோம்."

பெரியப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லையே பார்க்கிறார்.

கல்லைச் சுற்றிக்கொண்டு ஒரு லாரி கேட்டுக்கு வருகிறது. செக்யூரிட்டி பாஸை வாங்கிப் பார்த்து வெளியே அனுப்புகிறார். டயரிலிருந்து ஈரமண் கட்டி கட்டியாக எங்கள் காலடியில் உதிர்கிறது.

பெரியப்பா தோள்துண்டை விரித்துக் குனிகிறார்.

"இது பாஸ் காட்டிட்டுத்தான வந்திருக்கு?"