நாயின் கல்லறையும் ஸ்டோர்ப் பூட்டும்

ஒரு நாயின் கல்லறையைப் பார்க்க லண்டன் இல்ஃபோர்டிலிருந்து வேல்ஸ் வரை போவீர்களா? நான் போனேன். போன பாங்க் ஹொலிடே விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை.

சுற்றுலாத் தலம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். வேல்ஸில் அப்படிப்பட்ட தலங்களுக்குக் குறைவே இல்லை. ஒரு பழைய கல் நிற்கும். அதன் பக்கத்தில் வரலாறு சொல்லும் பலகை. பலகைக்குப் பக்கத்தில் கஃபே. மூன்றில் எது முதலில் வந்தது?

ஆண்டு போடாத பலகையை நான் நம்புவதில்லை. ஆண்டு போட்டிருந்தால், போட்டது யார் என்று பார்ப்பேன். 'என்று நம்பப்படுகிறது' என்று கண்டால் நம்புவதை அங்கேயே நிறுத்திவிடுவேன். நண்பர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கல்வெட்டு'.

கூட்டிப்போனவர் நோர்பரியில் இருக்கும் கிரி. குளியலறைகளுக்கு டைல் ஒட்டுகிறவர். சுவிஸில் தொழில் பழகி, இங்கே வந்து நந்தன் என்ற கூட்டாளியோடு நடத்துகிறார். காரில் அவர், மனைவி வசந்தி, பள்ளி முடிக்கப்போகும் மகள் அபி, நான். வசந்தியின் மடியில் மீன் ரோல்ஸ் பெட்டி.

கிரியும் அன்று சந்தேகத்தோடுதான் வண்டி ஓட்டினார். ஆனால் கற்களின் மேல் அல்ல... நந்தனின் மேல்.

முந்தின வாரம் கிரி வட லண்டனில் எட்மண்டன் பக்கம் போனபோது, பழைய வாடிக்கைக்காரி ஒருவரின் வாசலில் நந்தனின் வேன் நின்றதாம். நந்தன் டைல் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாராம். அப்படி ஒரு வேலை இருப்பதே கிரிக்குத் தெரியாது. பிறகு கேட்டதற்கு, அன்று முழுக்க வீட்டில் இருந்ததாக நந்தன் சொன்னாராம்.

"தனியத் தொழில் தொடங்கிட்டான், அண்ணை. கண்ணால பாத்தனான்," என்றார் கிரி. "செவ்வாய்க்கிழமை சாமான் வைக்கிற ஸ்டோர்ப் பூட்டை மாத்திறன். பூட்டுக்காரனுக்குச் சொல்லியாச்சு. அதோட கூட்டு முடிஞ்சுது."

"இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோவன்," என்றார் வசந்தி.

"கள்ளனிட்டக் கேட்டா என்ன சொல்லுவான்?"

முதலில் ஒரு கோட்டை. கிரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "நான் ஒட்டின டைல் இண்டைவரைக்கும் ஒண்டும் கழண்டதில்லை. உவங்கள் கட்டினது பாதி விழுந்து கிடக்குது. அதுக்கு டிக்கெட்."

மத்தியானம் மலைகளுக்கு நடுவே ஒரு சிறு கிராமம். ஆற்றங்கரைப் புல்வெளி, ஒரு மரம், சுற்றி வேலி, உள்ளே கல். அதுதான் கல்லறை. அபி பலகையைப் படித்துச் சொன்னாள். ஒரு சிற்றரசன் வேட்டைக்குப் போய்த் திரும்பி வருகிறான். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, பிள்ளையைக் காணவில்லை, நாயின் வாயெல்லாம் இரத்தம். வாளை உருவி நாயைக் குத்திவிடுகிறான். பிறகு தொட்டிலுக்கு அடியில் பிள்ளை அழுகிற சத்தம். பக்கத்தில் செத்துக் கிடக்கிறது ஓநாய்.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? நாய்க்குப் பதில் கீரியை வையுங்கள். ஓநாய்க்குப் பதில் பாம்பு. வாளுக்குப் பதில் தண்ணீர்க் குடம். நம் கீரிக்குக் கல்லறை கட்ட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கல்லைப் பற்றியும் நான் படித்திருந்தேன். ஊருக்கு ஆட்களை வரவழைக்க, விடுதிக்காரர் ஒருவர் தானே நட்டுவைத்தது என்கிறார்கள். கீழே எலும்பு இருக்க வாய்ப்பில்லை. சொல்வதற்கு நாக்கு துடித்தது.

அதற்குள் கிரி முந்திக்கொண்டார். "நாய் வாயைத் துடைச்சுப்போட்டு வந்திருக்கலாம்."

வசந்தி கல்லைப் பார்த்தபடியே சொன்னார்: "ராசா தொட்டிலை நிமித்திப் பாத்திட்டு வாளை எடுத்திருக்கலாம்."

அபி சிரிக்கவில்லை. கிரியும் சிரிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மறி மட்டும் மென்றுகொண்டிருந்தது.

கிரி என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் வாசிச்ச ஆள். உது உண்மையோ, கதையோ?"

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. கதை என்று நான் சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை பூட்டு மாறிவிடும்.

"பலகையில போட்டிருக்குதே," என்றேன்.

எந்தப் பலகையையும் நம்பாத என் வாயிலிருந்து வந்த பதில் அது. வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பள்ளத்தாக்கில் போன் சிக்னல் கிடையாது. கிரி காரை எடுத்தார். மேட்டில் ஏறி, சிக்னல் வந்த இடத்தில் ஓரமாக நிறுத்தி, நந்தனுக்குப் போன் அடித்தார். போன் கார் ஸ்பீக்கரோடு சேர்ந்திருப்பதை மறந்துவிட்டார். எல்லோருக்கும் கேட்டது.

"எட்மண்டனில என்ன செய்தனி?"

"ஆர் சொன்னது?"

"நான் கண்டனான்."

நந்தனின் குரல் தணிந்தது.

"நீங்கள் செய்த ஷவர்தான், அண்ணை. டைல் கழண்டு, கீழ் வீட்டுக்குத் தண்ணி இறங்கிட்டுது. அந்த மனிசி உங்களுக்குத்தான் போன் அடிக்க வெளிக்கிட்டவ. நான் மறிச்சுப்போட்டன். சொன்னா நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள். அதுதான் நானே கழட்டி ஒட்டிக் குடுத்தனான்."

கோட்டைச் சுவரைத் தட்டிய விரல்கள் இப்போது ஸ்டியரிங்கில் இருந்தன.

"இடைவெளிக்கு என்ன பூச்சுப் போட்டனி?" என்று கேட்டார் கிரி.

"ஈரம் தாங்கிறதுதான்."

"ம்... நாளண்டைக்கு வாறன். பாப்பம்."

போனை வைத்தார். உடனே பூட்டுக்காரருக்குப் போன் அடித்து, செவ்வாய்க்கிழமை வரத் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். வசந்தி பெட்டியைத் திறந்து ஒரு மீன் ரோலை எடுத்து நீட்டினார்.

"சாப்பிட்டிட்டு வாயைத் துடையுங்கோ."

நந்தன் சொன்னது முழுக்க உண்மையா? அந்த எட்மண்டன் வீட்டுக்குப் போய் ஷவர்ச் சுவரைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த நாயின் கல்லறையையும் நான் தோண்டிப் பார்க்கவில்லையே.