ஒரு முர்தாபாவுக்கு ஐந்து சீட்டு

போன வெள்ளிக்கிழமை மதியம் சாகுல் அண்ணே போன் செய்தார். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். ஆர்டர் எடுக்க அவர் கடைக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தது நான்தான்.

"தங்கச்சி, சீக்கிரம் வா லா! தனியா வந்த மனுஷனுக்கு அஞ்சு முர்தாபா போயிருக்கு!"

ஈப்போவிலிருந்து காரை விரட்டினேன். தொழுகை முடிந்து கூட்டம் குவியும் நேரம். வெளியே திரையில் ஒரு ஆர்டரைத் தட்டினால் சமையலறையில் ஒரு சீட்டு வரவேண்டும். அங்கே... டர்ர்ர், டர்ர்ர் என்று ஐந்து! கறி அடைத்த முர்தாபா ரொட்டி போடும் யூசுப் பாய் வியர்வையில் குளித்தபடி கேட்டார் — "இன்னிக்கி ஊரே இங்கதான் சாப்பிடுதா?"

குற்றவாளி யார்? அன்று காலை நான் செய்த அலங்காரம்!

புரோகிராமில் சீட்டு அச்சடிக்கும் பகுதி — ஃபங்ஷன் என்போம் — நன்றாகத்தான் இருந்தது. அடித்து முடித்ததும் 'ஆச்சு' என்று பதில் சொல்லும். அதன்மேல் இன்னொரு ஃபங்ஷனைப் போர்த்தினேன் — நேரத்தைக் குறித்துவைக்க. அதற்கும் மேல் ஒன்று — 'ஆச்சு' வராவிட்டால் ஐந்து தடவை வரை முயற்சி செய்ய. பார்க்க அவ்வளவு அழகு! சோதித்தேனா? அழகை ரசித்ததோடு சரி.

நடுவில் இருந்தது நேரத்தைக் குறித்தது. 'ஆச்சு' என்ற பதிலை மட்டும் மேலே அனுப்பவில்லை. அதற்கான வரியை நான் எழுதவே இல்லை. மேலே இருந்தது, பாவம்... பதிலைக் காணோமே என்று திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே அந்த வரியைச் சேர்த்தேன். அடுத்த ஆர்டருக்கு ஒரே சீட்டு. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று யூசுப் பாய் நாற்காலியில் சாய்ந்தார்.

தனியாக வந்த மனிதர்? மூன்றாவது முர்தாபாவில் இருந்தார். அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, அஞ்சு வந்தப்ப ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லா இருந்துச்சு லா... ஏன் சொல்லணும்?"

வீடு திரும்பியதும் கணவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "நடுவுல நிக்கிறவங்க பதிலைக் கொண்டுவந்து சேர்க்கணும். அவ்வளவுதான் விஷயம்," என்று முடித்தேன்.

பலமாகத் தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார் — "செவ்வாய்க்கிழமை உங்கம்மா போன் பண்ணாங்க. உன்னை உடனே கூப்பிடச் சொன்னாங்க."

அம்மாவைச் சமாதானப்படுத்த எந்த புரோகிராமும் கிடையாது.